ஆயில் எஞ்சினும் அளவுக் கல்வியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆயில் எஞ்சினைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெறுதல், பதவி பெறுதல், நூல் கற்றல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுதற்குரிய மேடை இது. ஆயினும், கிணற்றங்கரைக் கொட்டகையில் எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கும் ஓர் எந்திரத்தைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டும் வேலையும் கல்வியே என்பதை எடுத்துக்காட்ட இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக் கொள்கிறோம். அவ்வேலையை அளவோடும் எழுத்தோடும் செய்தால் அது கல்வி. அளவும் எழுத்தும் இன்றிச் செய்தால் அது வெறுங்கூலி. நாம் கூறவந்தது இவ்வளவே. மற்றவை யாவும் இதன் விளக்கம்.

பட்டறையில் வழங்கும் சொற்களையே இவ்வுரையிலும் வழங்குகிறோம். பிஸ்டனைப் பிஸ்டன் என்றும் நாசிலை நாசில் என்றும் கூறினால்தான் வேலை கற்கும் இளைஞருக்குப் பயன்படும்.

நீர் இறைத்த கைகள்

நம் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஏரியும் கிணறுமே இங்கு வேளாண்மைக்கு ஆதாரம். நெல்லும், கரும்பும், மல்லாட்டை என்று நாம் வழங்கும் நிலக்கடலையும் கிணற்று நீரை நம்பி விளைபவை. சில முழம் மண்ணுக்குக் கீழே பாறை. அப்பாறையை வேட்டு வைத்துப் பிளந்து, கல்லையும் மண்ணையும் கூடையில் சுமந்து கிணறு வெட்டியவர்களில் நம் முன்னோர் பலர். ஏற்றத்தின் துலாமீது நடந்தவர்களும், கவலை மாடுகளை ஓட்டியவர்களும் பெரும்பாலும் பண்ணையாட்களே. விடியற்காலைக்கு முன் தொடங்கி வெயில் ஏறும் வரை இறைத்த அவர்கள், தாம் இறைத்த நீரையே தாகத்திற்குக் கை ஏந்திப் பெறவேண்டியிருந்தது. மகாராட்டிரத்து மகாட்டில் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகுவதற்கே 1927-இல் அண்ணல் அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்தவேண்டியிருந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் உரிமை கோரும் நிலம் அதுவே. ஆனால் நிலம் மட்டும் கிடைத்தால் போதாது, கிணறு வேண்டும், கிணற்றிலிருந்து நீரை மேலே கொணரும் வலிமை வேண்டும். மாடு வாங்க இயலாதவன் நிலம் மானாவாரியாகவே கிடந்தது. அவ்வாறு கிடந்த நிலம் பிறர் கைக்குப் போவதும் எளிதாயிற்று.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், எண்ணெய் எந்திரங்களைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றார். அக்காலத்து எந்திரங்கள் பலவற்றை இயக்குமுன் அவற்றின் தலைப்பகுதியை ஊதுவிளக்கால் சூடேற்ற வேண்டும். காற்றை அழுத்தியே சூடேற்றி எண்ணெயை எரியச்செய்யும் முறையை ருடால்ப் டீசல் 1897-இல் செருமனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நிலைநாட்டினார். 1930-ஐ ஒட்டி இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரைச் சேர்ந்த லிஸ்டர் நிறுவனம், ஊதுவிளக்கின்றிக் கைப்பிடியால் சுழற்றியே இயக்கத்தக்க மெதுவேக எஞ்சினை வெளியிட்டது. 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் தோன்றியது. லிஸ்டர் எஞ்சினைப் பின்பற்றி இராஜ்கோட்டுப் பட்டறைகள் பலவும் எஞ்சின்கள் செய்தன. இவ்வாறு ஏற்றமும் கவலையும் ஓய்ந்தன. நம் வயல்வெளியில் எஞ்சினின் ஓசை கேட்கலாயிற்று.

பின்னர் மின்சாரம் வந்தது. தமிழகத்தில் சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், ஏனையோர்க்கு அதன்பின் சில ஆண்டுகளிலும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்ததால், ஆயில் எஞ்சின்கள் பல மூலையில் ஒதுங்கின. ஆயினும் அவற்றைக் கற்பதால் இன்று பயனில்லை என்று எவரும் கருதவேண்டா. டிராக்டர், நெல் அறுக்கும் எந்திரம், போர்வெல் லாரியின் கம்ப்ரசர், கலியாண மண்டபத்து ஜெனரேட்டர் ஆகிய அனைத்திலும் அதே பிஸ்டனும் வால்வும் நாசிலுமே உள்ளன. அவற்றைக் கற்பதற்கு மெதுவேக எஞ்சினே சிறந்த முதற்பாடம். அதன் உறுப்புகள் பெரியவை, கண்ணுக்குத் தெரிபவை, சாதாரணக் கருவிகளால் பிரிக்கத்தக்கவை.

எஞ்சினின் கணக்கு

லிஸ்டர் வகையில் 6 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் நாலரை அங்குலம், அதாவது 114.3 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு ஐந்தரை அங்குலம்; அதாவது 139.7 மி.மீ. பள்ளியில் படித்த உருளையின் கன அளவு வாய்பாட்டைக் கொண்டு பார்த்தால், ஒரு முறை உறிஞ்சப்படும் காற்றின் அளவு ஏறத்தாழ 1,433 கன சென்டிமீட்டர்.

நிமிடத்திற்கு அதன் சுழற்சி 650. நான்கு வீச்சு எஞ்சினாதலால் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறையே எண்ணெய் எரியும். அதாவது நிமிடத்திற்கு 325 முறை, மணிக்கு 19,500 முறை. முழுப் பளுவில் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் டீசல் செலவாகிறது என்று கொண்டால், ஒரு முறை தெளிக்கப்படுவது ஏறக்குறைய ஒரு துளியே. அந்த ஒரு துளி உரிய நேரத்தில், உரிய அழுத்தத்தில், பனிப்புகைபோல் பிரிந்து விழவேண்டும். விழும் இடத்தில் காற்று, பதினைந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் சிறிய இடத்தில் நெருக்கப்பட்டு, 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறியிருக்க வேண்டும். இவ்விரண்டும் கூடினால் எஞ்சின் ஓடும். ஒன்று தவறினாலும் ஓடாது. எஞ்சின் பழுதுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றன் குறையே.

மெதுவேகம் என்பதன் நன்மையையும் கணக்கிட்டுக் காணலாம். இதன் பிஸ்டன் நொடிக்குச் சராசரி 3 மீட்டர் செல்கிறது. நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும், 110 மி.மீ. வீச்சுள்ள எஞ்சினில் அது நொடிக்கு ஐந்தரை மீட்டர். உராய்வு குறைவதால் தேய்மானமும் குறைகிறது. தாத்தா வாங்கிய எஞ்சினைப் பேரன் ஓட்டுவது இதனாலேயே.

பிரிக்குமுன் கேட்க வேண்டுவன

ஸ்பேனரை எடுக்குமுன் கண்ணும் காதும் வேலை செய்யவேண்டும். புகையின் நிறத்தை முதலில் பார்த்தல் வேண்டும். கரும்புகை வந்தால், டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு, அல்லது நாசில் சரியாகத் தெளிக்கவில்லை. நீலப்புகை வந்தால், ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்து மசகெண்ணெய் மேலேறி எரிகிறது. வெண்புகை வந்தால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது. அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது தண்ணீர் உட்புகுந்திருக்கலாம்.

அடுத்து, எஞ்சின் நின்ற நிலையில் பிளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றி அழுத்தத்திற்கு எதிராக நிறுத்துக. நல்ல எஞ்சின் வில்போலத் திருப்பித் தள்ளும். அழுத்தம் கசிந்தால் எங்கிருந்து சீறல் வருகிறது என்று கேட்க வேண்டும். புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று வடிகட்டியில் கேட்டால் இன்லெட் வால்வு. கிராங்க் பெட்டியின் பக்கம் கேட்டால் ரிங். குளிர்விக்கும் நீரில் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங். ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய இச்சோதனை, உடைமையாளரின் பணத்தையும் நம் பெயரையும் காக்கும்.

நாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்று. அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில், எஞ்சின் எளிதில் பிடிக்கவில்லை என்று கூறிய ஒருவருக்கு, லைனரும் பிஸ்டனும் புதிதாக மாற்ற வேண்டும் என்று பிறர் கூறியிருந்தனர். நம் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மேற்கூறியவாறு கேட்டு, புகைக்குழாயில் சீறலைக் கண்டார். ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை அளந்து, அளவுகளைத் தாளில் எழுதிக் காட்டினார். தேய்மானம் வரம்புக்கு உட்பட்டே இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வைத் தேய்த்துப் பொருத்தியதோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதுவரை அவரை "டேய்" என்று அழைத்தவர், அடுத்த பருவத்தில் பெயரைச் சொல்லி ஆள் அனுப்பினார். குடிக்கத் தண்ணீர் அன்றும் தனிக் குவளையில்தான் வந்தது என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். எந்திரம் சாதி கேட்பதில்லை. கேட்பவர்கள் எந்திரத்தைச் சுற்றி நிற்கும் மனிதர்கள். ஒரு தொழிலைக் கற்றால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் எழுதிக் காட்டிய அளவை எவராலும் "உனக்கென்ன தெரியும்" என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

பிரிக்கும் முறை

டீசல் குழாயை மூடி, தண்ணீரையும் மசகெண்ணெயையும் வடிக்க வேண்டும். வடித்த எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தால் உலோகத் தூள் கையில் தட்டுப்படும். பளபளக்கும் வெண்துகள் பேரிங்கின் தேய்மானத்தைக் காட்டக்கூடும். டீசல் குழாய்களைக் கழற்றியவுடன் அவற்றின் முனைகளைத் தூய மூடியால் அடைத்தல் வேண்டும். நாசிலுக்கும் பம்புக்கும் மணலைப்போல் பகை வேறில்லை. பின்னர் நாசிலை எடுத்து, ராக்கரையும் புஷ் ராடுகளையும் கழற்றி, எது எந்த வால்வுக்குரியது என்று அடையாளமிட வேண்டும்.

ஹெட்டின் நட்டுகளை ஒன்றை முழுதும் கழற்றிப் பின் அடுத்ததற்குச் செல்லல் ஆகாது. எதிரெதிர் மூலையாக, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் ஹெட் வளையும். ஹெட் எழுந்ததும் பழைய பேக்கிங்கைத் தூக்கி எறியற்க. அதில் கரிந்த தடம் எங்கே செல்கிறது என்று பார்த்தால் கசிவின் வழி புலப்படும்.

சிலிண்டரின் மேல்விளிம்பில் படிந்த கரியைச் சுரண்டியபின், கிராங்க் பெட்டியின் கதவைத் திறந்து, கனெக்டிங் ராடின் கீழ்மூடியைக் கழற்றி, பிஸ்டனை மேல்வழியாக வெளியே எடுக்க வேண்டும். மூடியும் ராடும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை. முன்பின் மாறாதிருக்க இரண்டிலும் குறியிடுக. கீழ்மூடியில் எண்ணெயை வாரி இறைக்கும் சிறு கரண்டி உண்டு. அது தலைகீழாகப் பூட்டப்பட்டால் பேரிங்கிற்கு எண்ணெய் சேராது.

கழற்றிய ஒவ்வொரு பொருளையும் கழற்றிய வரிசையிலேயே கோணிமீது பரப்பி வைத்து, அவ்வரிசையை நோட்டுப் புத்தகத்தில் எழுதுக. பூட்டும்போது அப்பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தால் போதும். நினைவாற்றலை நம்பி வேலை செய்பவர் பலர் உளர். ஆனால் நினைவு அவரோடு மறையும். எழுத்து அடுத்தவருக்கும் பயன்படும்.

அளக்கும் முறை

இதுவே வேலையின் நடுநாயகம். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் கிராங்கிற்கு நேராகவும் குறுக்காகவும் அளக்க வேண்டும். மொத்தம் ஆறு அளவுகள். தேய்மானம் மிகுந்திருக்குமிடம், மேல் ரிங் சென்று திரும்புமிடம். ரிங் செல்லாத கீழ்விளிம்பு ஏறத்தாழப் பழைய அளவிலேயே இருக்கும். இரண்டின் வேறுபாடே தேய்மானம். அது கையேட்டில் கண்ட வரம்பைக் கடந்தால் லேத்துப் பட்டறையில் போரிங் செய்து பெரிய பிஸ்டன் இடவேண்டும், அல்லது லைனர் மாற்றவேண்டும். கடக்காவிட்டால் புது ரிங் போதும்.

புது ரிங்கையும் அப்படியே மாட்டிவிடலாகாது. அதைச் சிலிண்டரின் தேயாத பகுதியில் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளியைப் பில்லர் கேஜால் அளக்க வேண்டும். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு வெளி என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுவிதி. நாலரை அங்குலத்திற்கு அது 14 முதல் 18 பங்கு வரை ஆகும். வெளி குறைந்தால், சூட்டில் ரிங் நீண்டு முட்டிச் சிலிண்டரைக் கீறும். மிகுந்தால் அழுத்தம் கசியும்.

வால்வுகளுக்குக் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, அவற்றின் இருக்கையில் முன்னும் பின்னுமாகச் சுழற்றித் தேய்க்க, சுற்றிலும் அறுபடாத சாம்பல்நிற வளையம் தோன்றவேண்டும். பின்பு வழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்து, கசியவில்லை எனில் வேலை நன்று. பேஸ்டை ஒரு துகளும் எஞ்சாமல் கழுவுதல் இன்றியமையாதது. தேய்க்கும் மருந்து உள்ளே தங்கினால் அது சிலிண்டரையும் தேய்க்கும்.

பூட்டும் முறை

பூட்டும்போது பிஸ்டனின் உச்சிக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி முதன்மையானது. பிஸ்டன்மீது மெல்லிய ஈயக்கம்பித் துண்டுகளை வைத்து, ஹெட்டை இறுக்கி, பிளைவீலை ஒரு முறை உச்சி கடக்கச் சுழற்றி, நசுங்கிய ஈயத்தை எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்தால் அவ்விடைவெளி தெரியும். மிகுந்திருந்தால் அழுத்தம் குறையும். குறைந்திருந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். சிலிண்டரின் அடியில் வைக்கும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இதனைச் சரிசெய்யலாம்.

டீசல் தெளிக்கும் நேரத்தை வைப்பதில் நம் பள்ளிக் கணக்கு மீண்டும் வருகிறது. பிஸ்டன் உச்சியை அடைய 20 பாகை இருக்கும்போது தெளிப்புத் தொடங்கவேண்டும் என்று கையேடு கூறினால், அந்த 20 பாகையைச் சக்கரத்தில் எங்கே குறிப்பது? இரண்டு அடி விட்டமுள்ள பிளைவீலின் சுற்றளவு ஏறத்தாழ 75 அங்குலம். 360 பாகைக்கு 75 அங்குலம் எனில், 20 பாகைக்கு 4 அங்குலத்திற்குச் சற்று மேல். உச்சிக் குறியிலிருந்து அத்தொலைவை நாடாவால் அளந்து சுண்ணாம்புக் கோடு இட்டால், அக்கோடே நமக்கு வழிகாட்டி. சக்கரத்தை மெல்லச் சுழற்றி, பம்பின் வாயில் டீசல் அசையத் தொடங்கும் கணம் அக்கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். வட்டத்தின் சுற்றளவைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவனுக்கு இந்தச் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டுங்கள்.

ஹெட் நட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கி, டேப்பட் இடைவெளியைக் கையேட்டின்படி வைத்து, டீசல் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றியபின் எஞ்சினை இயக்கலாம். முதலில் பளுவின்றி ஓட்டுக. பின் பாதிப் பளு. பின்னரே முழுப் பளு. சூடேறி ஆறியபின் நட்டுகளையும் டேப்பட்டையும் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

உயிர் பெரிது

இளைஞர்களே, இப்பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். கைப்பிடியால் சுழற்றும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் பின்வாங்கி உதைத்தால், கைப்பிடி கையைவிட்டு நழுவ வேண்டுமேயன்றி மணிக்கட்டை முறிக்கலாகாது. ஓடும் பிளைவீலருகே தோளில் துண்டோ தளர்ந்த வேட்டியோ கூடாது. நாசில் தெளிப்பதைச் சோதிக்கும்போது கையை எதிரே நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே ஊசி குத்தியதுபோல் தோன்றினாலும், தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றினும் கொடியது கிணற்றில் தங்கும் புகை. காற்றின் அழுத்தம் நீரை உயர்த்தக்கூடிய எல்லை ஏறத்தாழ 10 மீட்டர். நடைமுறையில் பம்பு உறிஞ்சுவது 7 மீட்டரைத் தாண்டுவதில்லை. எனவே கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது, கிணற்றின் உள்ளே மேடை அமைத்து எஞ்சினையே கீழே இறக்கும் வழக்கம் உண்டு. எஞ்சின் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்து, அணையவில்லை, இறங்கலாம் என்பார்கள். விளக்கு எரிவது உயிர்வாயு உண்டு என்பதை மட்டுமே காட்டும். நச்சுவாயு இல்லை என்பதைக் காட்டாது. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் மடிவது இத்தகைய விபத்துகளின் கொடுமை.

கிணற்றில் இறங்கு என்று எவரை நோக்கி முதலில் கூறுவார்கள் என்பதை இம்மன்றத்திற்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, புகை கிணற்றுக்கு வெளியே செல்லக் குழாய் இல்லாத இடத்தில் இறங்க மாட்டேன் என்று கூறும் துணிவையும், அதற்குரிய காரணத்தை எடுத்துரைக்கும் அறிவையும் நம் பிள்ளைகள் பெறவேண்டும். காரணம் தெரியாமல் மறுத்தால் அதைத் திமிர் என்பார்கள். காரணத்தோடு மறுத்தால், ஏவியவருக்கும் உண்மை விளங்கும். விளங்காவிட்டாலும் நம் பிள்ளையின் உயிர் எஞ்சும்.

குலத்தொழிலும் கற்ற தொழிலும்

நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்லாமல் பட்டறைக்குச் செல்லட்டும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அது குலக்கல்வி என்று பெரியாரும் பிறரும் எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டது நமக்கு நன்மையே. பிறப்பு ஒருவனுக்குத் தொழிலை ஒதுக்குமானால் அது சிறை.

நாம் கூறும் தொழில் அத்தகையதன்று. இத்தொழிலை நமக்கு எந்தக் குலமும் ஒதுக்கவில்லை. இயற்பியலும் கணக்கும் அறிந்து, விரும்பி மேற்கொள்ளும் தொழில் இது. இன்று நாசிலைச் சோதிப்பவர் நாளை பட்டயப் படிப்பும் பொறியியற் பட்டமும் பெறலாம், பெறவேண்டும். 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர், அவ்வாண்டிலேயே வைசிராய் லின்லித்கோவிடம் அளித்த மனுவில், கலைப்படிப்பும் சட்டப்படிப்பும் மட்டும் பட்டியல் இனத்தாருக்குப் போதா. உயர்ந்த அறிவியல் தொழில்நுட்பக் கல்வியே அவர்களுக்கு உதவும் என்ற கருத்தை வலியுறுத்தி உதவித்தொகை கோரினார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைத் தொழில் பழகுநராகச் சேர்க்கவேண்டும் என்றும் அம்மனுவில் கேட்டார். உலகின் உயர்ந்த பல்கலைக்கழகங்களில் பயின்ற அவ்வறிஞர், பட்டறையைத் தாழ்வாகக் கருதவில்லை. பட்டறையின் வாயிற்படி நமக்கு அடைக்கப்பட்டிருந்ததையே அவர் குறையாகக் கண்டார்.

நாம் நெடுங்காலம் எந்திரத்தின் பளுவைச் சுமந்தோம், கைப்பிடியைச் சுழற்றினோம், சக்கரத்தைத் தோளில் தூக்கினோம். அளவுகோலும் கையேடும் கணக்குப் புத்தகமும் பிறர் கையில் இருந்தன. கூலியை அவர்கள் குறித்தார்கள், நாம் பெற்றுக்கொண்டோம். "இரண்டு நட்டைத் திருகியதற்கு இவ்வளவா?" என்ற கேள்விக்கு நம்மிடம் விடையில்லாமல் இருந்தது. ஆறு அளவுகளையும் மாற்றிய உறுப்புகளையும் செலவான நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளே அதற்கு விடை.

கழகத்தின் முன் ஒரு வேண்டுகோள்

வெள்ளி விழாவின் நினைவாகக் கட்டடம் எழுப்புவது நன்று. அத்துடன், பழைய இரும்பின் விலைக்குக் கிடைக்கும் மெதுவேக எஞ்சின் ஒன்றை வாங்கி, கழக வளாகத்தில் ஒரு கொட்டகையில் நிறுத்துமாறு வேண்டுகிறோம். ஒரு தொகுதி ஸ்பேனர்கள், ஒரு பில்லர் கேஜ், உள்ளளவும் வெளியளவும் காணும் மைக்ரோமீட்டர்கள், நாசில் சோதிக்கும் கருவி, தடித்த அட்டையுள்ள ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை உடன் இருக்கட்டும். ஞாயிறுதோறும் ஒரு குழு அதைப் பிரித்து, அளந்து, எழுதி, மீண்டும் பூட்டி ஓட்டிக் காட்டட்டும். அடுத்த குழு முந்தைய குழுவின் அளவுகளோடு தம் அளவுகளை ஒப்பிடட்டும். பெண்பிள்ளைகளையும் இதில் சேர்க்கவேண்டும். மைக்ரோமீட்டரைத் திருகுவதற்குத் தேவை பொறுமை. அது அவர்களிடம் குறைவன்று.

இவ்வாறு பழகியவர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் சேர்ந்து சான்றிதழ் பெறலாம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பெரிய ஆலைகளில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். சொந்தமாகப் பட்டறை வைக்க விரும்புவோர், 1974-இல் தோற்றுவிக்கப்பட்ட தாட்கோவின் கடனுதவியை நாடலாம். விண்ணப்பம் எழுதுவதில் கழகத்தின் படித்த உறுப்பினர்கள் துணை நிற்கவேண்டும். அதுவும் கல்விப் பணியே.

கொட்டகையில் தொங்கும் அந்த நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தை நிரப்பப்போகும் கைகள் இவ்வரங்கிலேயே இருக்கின்றன என்று நம்புகிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு யார் யார் வருகிறீர்கள் என்று பெயர் கொடுத்துச் செல்லுங்கள்.